அச்சத்தின் தூது: ஒரு ஹார்மோனைத் தேடிய 26 ஆண்டுகள்

தமிழில் இன்று மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று ‘மன அழுத்தம்’. அலுவலக நெருக்கடிக்கும் அதே சொல். மாதக்கணக்கில் ஒருவரை முடக்கிப்போடும் மனச்சோர்வு நோய்க்கும் அதே சொல். மருத்துவம் ‘ஸ்ட்ரெஸ்’ என்றும் ‘டிப்ரஷன்’ என்றும் பிரித்து வழங்கும் இரண்டையும் நாம் ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். சொல்லாராய்ச்சியில் சற்றே ஈடுபாடு உடையவர்களுக்கு இக்குழப்பம் உறுத்தும். ஆயினும் அதைவிட நம்மைச் சிந்திக்கச் செய்வது அச்சொல்லின் முற்பகுதியாக நிற்கும் ‘மன’ என்பதே. அது சேர்ந்துவிட்ட மாத்திரத்தில் துன்பம் உடலை விட்டு நீங்கிக் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் குடியேறிவிடுகிறது. ‘எல்லாம் மனப்பிரமை, திடமாக இருந்தால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை பின்னாலேயே வந்து சேர்கிறது. தேர்வு நாளில் வயிறு புரட்டும் மாணவனும், இரவெல்லாம் நெஞ்சு படபடக்க விழித்திருக்கும் இல்லத்தரசியும் கேட்டுக் கேட்டுச் சலித்த அறிவுரை அது.

மனத்தில் தோன்றும் அச்சம் உடலில் எவ்வழியாக இறங்குகிறது? இக்கேள்விக்கு விடை காண இருபதாம் நூற்றாண்டு அறிவியல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் நடுப்பகுதியில் ஒரு விசித்திரம் உண்டு. 1955ஆம் ஆண்டு ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தார்கள். அப்பொருள் கையில் அகப்பட்டதோ 1981இல். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் அதைத் தேடிப் பல இலட்சம் ஆடுகளின் மூளைகள் அரைக்கப்பட்டன, நண்பர்கள் பகைவர்களாயினர், வேறு பொருள்களுக்காக நோபெல் பரிசும் வழங்கப்பட்டது. இலக்கியம் பயிலும் நாம் அறிவியலாரின் இந்தக் கதையை அறிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டென்று கருதுவதால் இதனை எழுதத் துணிகிறோம்.

பூனையின் குருதி

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற உடலியலாளர் இருந்தார். எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டு ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், மாணவராக இருந்தபோதே, பூனைகளின் இரைப்பை அசைவதை அக்கதிர்களின் துணைகொண்டு பார்க்கத் தொடங்கியவர். அவருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. பூனை வெகுண்டாலோ மிரண்டாலோ இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றுவிடும். செரிமானத்தைக் காண வந்தவருக்கு இது இடையூறு. அவரோ அந்த இடையூற்றையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார்.

1911இல் அவரும் உடன் ஆய்வாளரும் ஒரு சோதனை செய்தனர். அமைதியாக இருந்த பூனையின் குருதியை முதலில் எடுத்தனர். பின்னர் குரைக்கும் நாயை அதன் எதிரே நிறுத்தி, மீண்டும் குருதி எடுத்தனர். இரண்டாவது குருதியில் அட்ரீனலின் இருந்தது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அதை நொடிப்பொழுதில் கொட்டியிருந்தன. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வதே இதன் நோக்கம் என்று கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நரம்பு கட்டளையிடுகிறது, சுரப்பி கேட்கிறது. வழி நேரானது; கண்ணால் காணத்தக்கது. ஆனால் அட்ரீனல் சுரப்பிக்கு நடுப்பகுதி, புறணி என்று இரண்டு பகுதிகள் உண்டு. கேனன் கண்டது நடுப்பகுதியின் கதை. புறணியின் கதை வேறு.

செல்யே கொணர்ந்த சொல்

வியன்னாவில் 1907இல் பிறந்த ஹான்ஸ் செல்யே, பிராகு நகரில் மருத்துவ மாணவராக இருந்தபோது ஒன்றைக் கவனித்தாராம். பேராசிரியர் வெவ்வேறு நோயுடையவர்களைக் காட்டி அவரவர்க்குரிய தனிக்குறிகளை விளக்குகிறார். செல்யேயின் கண்ணுக்குப் பட்டதோ எல்லாருக்கும் பொதுவானவை: சோர்வு, பசியின்மை, மூட்டுவலி, மெலிவு. ‘நோயுற்றவர்’ என்ற தோற்றமே பொதுவாயிருக்கிறதே, அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லையே என்று அவர் வியந்தார்.

பத்தாண்டு கழித்துக் கனடாவின் மான்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் எலிகளுக்குச் சூலகச் சாற்றை ஊசி வழி செலுத்திக்கொண்டிருந்தார். புதிய பெண்மை ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசை. எலிகளின் அட்ரீனல் புறணி பெருத்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண்கள் தோன்றின. புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தவர், வேறு சாறுகளும் அதே விளைவைத் தருவதைக் கண்டு துணுக்குற்றார். வெறும் ஃபார்மலினும் அதையே செய்தது. கடுங்குளிர், மிகை உழைப்பு, காயம் என எதைக் கொடுத்தாலும் அதே மூன்று மாற்றங்கள். கண்டுபிடிப்பு பாழானது என்று சோர்ந்தவருக்குப் பிராகு நகர நினைவு வந்தது. எலிகளுக்கும் ‘நோயுற்ற தோற்றம்’ ஒன்று இருக்கிறது. 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்தைத் தாண்டாத சிறு குறிப்பாக அதை வெளியிட்டார். அபாய எச்சரிக்கை, எதிர்த்து நிற்றல், களைத்து வீழ்தல் என்று உடலின் மறுமொழியை மூன்று கட்டமாக வகுத்தது அக்குறிப்பு.

இதற்குச் செல்யே நாளடைவில் வழங்கிய பெயர் ‘ஸ்ட்ரெஸ்’. பொறியியலில் இருந்து வந்த சொல். தம் ஆங்கிலப் புலமை அன்று போதுமானதாக இருந்திருந்தால் ‘ஸ்ட்ரெயின்’ என்றே பெயரிட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் கூறினார். நம் பள்ளி இயற்பியல் நூல்கள் இவ்விரண்டையும் தகைவு, திரிபு என்று செம்மையாகப் பிரித்து வைத்துள்ளன. பொருளின்மேல் விழும் விசை சார்ந்தது தகைவு. அதனால் பொருள் அடையும் மாற்றம் திரிபு. உடலுக்குள் நிகழ்வது திரிபு. உலகமோ தகைவின் பெயரையே பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு முதலிய மொழிகள் ஈடு காணாமல் ஆங்கிலச் சொல்லையே ஏற்றன. தமிழ் ‘மன’ என்பதைச் சேர்த்து மொழிபெயர்த்தது. எலியின் அட்ரீனல் சுரப்பியில் தொடங்கிய சொல் தமிழுக்கு வரும்போது உடலைத் தொலைத்துவிட்டது.

செல்யே பிற்காலத்தில் புகையிலை நிறுவனங்களிடம் நிதி பெற்றார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதயநோய்க்குச் சிகரெட்டைவிட ‘ஸ்ட்ரெஸ்’ காரணம் என்று வாதிட அந்நிறுவனங்களுக்கு அவருடைய பெயர் பயன்பட்டது. ஒரு சொல்லைத் தெளிவின்றி விட்டுவைத்தால் அதை எவர் எவரோ எடுத்தாள்வர் என்பதற்கு இது சான்று.

குருதி எத்திசையில் ஓடுகிறது?

அட்ரீனல் புறணிக்குக் கட்டளையிடுவது மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி என்று விரைவில் தெளிவாயிற்று. அது வெளியிடும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை 1943இல் பிரித்தெடுத்தனர். அக்கட்டளையை ஏற்றுப் புறணி சுரப்பதே கார்ட்டிசால். சரி, பிட்யூட்டரிக்குச் சொல்வது யார்? அதற்கு நேர்மேலே ஹைப்போதலாமஸ் இருக்கிறது. பசி, தாகம், உறக்கம், உடல்வெப்பம் யாவும் அங்கேதான் ஆளப்படுகின்றன. ஆனால் ஏ.சி.டி.எச். சுரக்கும் பிட்யூட்டரி முன்மடலுக்குள் அங்கிருந்து நரம்புகள் பெயருக்குக்கூட நுழைவதில்லை. அரண்மனைக்கும் கோட்டைக்கும் இடையே கம்பி இல்லை. செய்தி மட்டும் போகிறது.

1930இல் இலண்டனில் ருமேனியரான கிரிகோரெ போபாவும் ஆஸ்திரேலியரான ஊனா ஃபீல்டிங் அம்மையாரும் இரண்டுக்கும் நடுவே நுண்ணிய குருதிக்குழாய்களின் கொத்து ஒன்று இருப்பதை விளக்கி எழுதினர். குருதி கீழிருந்து மேல்நோக்கி ஓடுவதாக அவர்கள் கருதினர். திசை தலைகீழ் என்று பின்னர் வேறு சிலர் காட்டினர். இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ், ஜான் கிரீன் என்பாருடன் சேர்ந்து, உயிருள்ள எலியில் அக்குழாய்களைத் திறந்து நுண்ணோக்கி வழியே பார்த்து 1949இல் அதை உறுதி செய்தார். குருதி மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கே இறங்குகிறது. அப்படியானால் நரம்பணுக்கள் ஏதோ ஒரு வேதிப்பொருளை அக்குருதியில் கலந்து அனுப்புகின்றன என்பதே ஹாரிஸின் துணிபு.

‘நரம்பணுவாவது, ஹார்மோன் சுரப்பதாவது?’ என்று அன்றைய அறிஞர் பலர் நகைத்தனர். நரம்பு மின்துடிப்பால் பேசும். சுரப்பி வேதிப்பொருளால் பேசும். இரண்டும் இருவேறு சாதி என்பது அவர்தம் கொள்கை. எர்ன்ஸ்ட் ஷாரர் என்ற ஜெர்மானியர் மீனின் ஹைப்போதலாமஸில் சுரப்பி போலத் தோன்றும் நரம்பணுக்களைக் கண்டதாக 1928இலேயே எழுதியிருந்தார். அவருடைய மனைவி பெர்ட்டா ஷாரர் முதுகெலும்பற்ற உயிர்களில் அதையே தேடினார். நாஜி ஜெர்மனியை விட்டு 1937இல் இருவரும் அமெரிக்கா வந்தனர். கணவருக்குப் பதவி கிடைத்தது. மனைவிக்கு ஊதியமற்ற இடமே வாய்த்தது. ஆய்வு விலங்கு வாங்கப் பணமில்லாத நிலையில் தாமே எளிதில் பெறக்கூடிய கரப்பான் பூச்சிகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். நரம்பு சுரக்கும் என்ற உண்மைக்கு அடித்தளம் இட்டவற்றுள் அக்கரப்பான்களும் அடங்கும்.

ஹாரிஸ், ஸ்வீடனில் பணியாற்றிய டோரா யாக்கோப்சோன் அம்மையாருடன் சேர்ந்து 1952இல் ஓர் அரிய சோதனையை வெளியிட்டார். எலியின் பிட்யூட்டரியை நீக்கிவிட்டு, வேறு பிட்யூட்டரித் திசுவை ஹைப்போதலாமஸின் நேர்கீழே பதித்தனர். குழாய்கள் மீண்டும் வளர்ந்து அதைத் தொட்டன, சுரப்பி உயிர்பெற்றது. எலிகள் கருவுறவும் செய்தன. அதே திசுவை மூளையின் வேறோரிடத்தின் கீழ் பதித்தபோது, குருதி பாய்ந்தும் அது செயலற்றுக் கிடந்தது. ஆகவே குருதி மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட வழியே வரும் குருதி வேண்டும்.

சாலி சக்கர்மன் என்ற செல்வாக்கு மிக்க உடற்கூற்றியலாளர் இதை ஏற்கவில்லை. இணைப்பை அறுத்த பின்னும் சில விலங்குகளில் பிட்யூட்டரி வேலை செய்கிறதே என்று கேட்டார். அறுத்த குழாய்கள் மறுபடி முளைத்துவிடுகின்றன, இடையே தடுப்பு வைத்துப் பாருங்கள் என்றார் ஹாரிஸ். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதை முடிக்க ஒரே வழிதான் இருந்தது: அந்த வேதிப்பொருளைப் பிடித்துக் காட்டுவது.

பெயர் மட்டும் உடைய பொருள்

பிரான்சின் டிஜோனில் பிறந்த ரோஜர் கிய்மேன், செல்யேயிடம் பயின்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் பணிக்குச் சேர்ந்தவர். போலந்தில் பிறந்து போரினால் நாடிழந்த ஆண்ட்ரூ ஷாலி, மான்ட்ரியாலில் மரே சாஃப்ரனின் மாணவர். 1955இல் இவ்விரு குழுக்களும் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன. கண்ணாடிக் கலத்தில் பிட்யூட்டரித் திசுவை வைத்து ஹைப்போதலாமஸின் பொருளைச் சேர்த்தால், அது ஏ.சி.டி.எச். ஹார்மோனை மிகுதியாக வெளிவிடுகிறது. அந்த முகமறியாப் பொருளுக்குச் சாஃப்ரனும் ஷாலியும் ‘கார்ட்டிகோட்ரோபின் விடுவிப்புக் காரணி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். சுருக்கமாக சி.ஆர்.எஃப்.

1957இல் ஷாலி ஹூஸ்டனுக்கே வந்துசேர்ந்தார். இருவரும் ஐந்தாண்டு சேர்ந்து உழைத்தனர். பொருள் அகப்படவில்லை. 1962இல் ஷாலி கசப்புடன் பிரிந்து நியூ ஆர்லியன்சில் தமக்கென ஓர் ஆய்வகம் அமைத்தார். அதன்பின் இருவருக்கும் இடையே நடந்தது ஆராய்ச்சியா, போரா என்று பிரித்தறிவது கடினம். கிய்மேன் ஆடுகளின் மூளையையும் ஷாலி பன்றிகளின் மூளையையும் இறைச்சிக்கூடங்களிலிருந்து வரவழைத்தனர். கிய்மேனின் குழு கையாண்டவை மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டு ஹைப்போதலாமஸ் துண்டுகள்.

இத்தனையும் ஏன் தேவைப்பட்டன? நரம்பணு வெளியிடும் இத்தூதுப்பொருள்கள் பெப்டைடு வகையைச் சேர்ந்தவை. அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்தால் கிடைக்கும் சிறு சரமே பெப்டைடு. நரம்பணு செய்யும் பெப்டைடை நியூரோபெப்டைடு என்பர். ஓரிரு அங்குலம்கூட இல்லாத குழாய்வழியே பட்டாணி அளவுச் சுரப்பிக்குச் செல்ல வேண்டிய தூது ஆகையால் மூளை அதை மிகச் சிறிய அளவில்தான் செய்கிறது. மூன்று இலட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸிலிருந்து ஒரு மில்லிகிராம் கிடைத்தால் அதுவே பெரும்பேறு.

சி.ஆர்.எஃப். பிடிபடாததால் இருவரும் அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தைராய்டைத் தூண்டும் வேறொரு தூதைத் தேடினர். 1969இல் ஏறக்குறைய ஒரே வேளையில் இரு குழுவும் அதன் கட்டமைப்பைக் கண்டன. மூன்றே மணிகள் கொண்ட சரம் அது. 1971இல் இனப்பெருக்கத்தை ஆளும் பத்து மணிச் சரம் கிடைத்தது. 1977இல் இருவருக்கும் மருத்துவ நோபெல் பரிசின் ஒரு பாதி பகிர்ந்தளிக்கப்பட்டது. மறு பாதி குருதியில் ஹார்மோன்களை நுட்பமாக அளக்கும் முறையைக் கண்ட ரோசலின் யாலோ அம்மையாருக்குச் சென்றது. திசை காட்டிய ஹாரிஸ் 1971லேயே காலமாகிவிட்டார். நோபெல் பரிசுக்குத் தேர்வாகும்போது ஒருவர் உயிரோடிருத்தல் வேண்டும் என்பது விதி.

இக்காலத்தில் கிய்மேன் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்துக்கு மாறியிருந்தார். அங்கே 1975 முதல் 1977 வரை புரூனோ லத்தூர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஓர் ஓரத்தில் அமர்ந்து, மானுடவியலாளர் ஒரு குடியை நோக்குவதுபோல அறிவியலாரை நோக்கிக் குறிப்பெடுத்தார். ஸ்டீவ் வுல்கருடன் அவர் 1979இல் வெளியிட்ட நூல், அறிவியல் உண்மை எவ்வாறு ஆய்வகத்தில் உருவாகிறது என்ற விவாதத்தையே மாற்றியது. இலக்கியக் கோட்பாடு பயில்வோர் பலர் லத்தூரை அறிவர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டு மூளையில் தூது தேடியவர்களை என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம்.

நாற்பத்தொரு மணிகள்

கிய்மேனின் மாணவர் வைலி வேல். டெக்சாஸ்காரர். ஆசிரியருடன் சால்க் நிறுவனத்துக்கு வந்து, 1970களின் பிற்பகுதியில் அவரிடமிருந்து பிரிந்து, அதே நிறுவனத்தில் தனி ஆய்வகம் தொடங்கியவர். வரலாறு மீண்டும் நிகழ்கிறது: முன்னர் நண்பர், இனிப் போட்டியாளர். ஆசான் கைவிட்ட சி.ஆர்.எஃப். ஹார்மோனை மாணவர் கையிலெடுத்தார்.

முன்னவர்கள் தோற்றதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, இச்சரம் நீளமானது. மூன்று மணியும் பத்து மணியும் கண்ட கருவிகளுக்கு இது எட்டவில்லை. இரண்டாவது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற மற்றொரு நியூரோபெப்டைடும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை ஓரளவு வெளியேற்றும். ‘இதோ கிடைத்துவிட்டது’ என்று எண்ணிப் பின்தொடர்ந்தால் அது வாசோபிரசினாக இருக்கும். வேல், பிட்யூட்டரி அணுக்களைக் கலத்தில் வளர்த்து, எந்தச் சாறு எவ்வளவு தூண்டுகிறது என்று நுட்பமாக அளக்கும் முறையை முன்னரே செம்மை செய்திருந்தார். ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஆட்டு ஹைப்போதலாமஸ் சாற்றிலிருந்து யோவாகிம் ஸ்பீஸ், கேத்தரீன் ரிவியே, ஷான் ரிவியே ஆகியோருடன் அவர் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1981 செப்டம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. சி.ஆர்.எஃப். என்பது 41 அமினோ அமிலங்களின் சரம். மனிதர்க்குரிய சரம் இரண்டாண்டில் அறியப்பட்டது; ஆட்டினுடையதிலிருந்து ஏழே இடங்களில் அது வேறுபடுகிறது.

இப்போது வழி முழுமையாகத் தெரிந்தது. ஓர் அச்சம் தோன்றுகிறது. ஹைப்போதலாமஸின் சில நரம்பணுக்கள் சி.ஆர்.எஃப். ஹார்மோனைக் குழாய்க்கொத்தில் விடுகின்றன. வாசோபிரசின் துணை நிற்கிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். ஹார்மோனை உடலெங்கும் ஓடும் குருதியில் கலக்கிறது. சில நிமிடங்களில் அட்ரீனல் புறணி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. குருதியில் சர்க்கரை ஏறுகிறது, அழற்சி தணிகிறது, செரிமானமும் இனப்பெருக்கமும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்படுகின்றன. அட்ரீனலின் நொடியில் பாயும் படை என்றால், இது அரைமணிக்குப் பின்னும் களத்தில் நிற்கும் உணவு வண்டி.

வேலின் குழு அடுத்த ஆண்டே இன்னொன்றைக் கண்டது. சி.ஆர்.எஃப். ஹார்மோனை எலியின் மூளைக்குள் நேரே செலுத்தினால், பழகாத இடத்தில் அது அஞ்சி ஒடுங்கியது. பிட்யூட்டரிக்குச் செய்தி சொல்வதோடு, மூளைக்குள்ளேயே அச்சத்தின் நடத்தையையும் இப்பொருள் உண்டாக்குகிறது. உடலை எழுப்பும் அதே சரம் உள்ளத்தையும் நடுக்குகிறது. உடல் எங்கே முடிகிறது, மனம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க வந்தவர்களுக்கு இங்கே கோல் வைக்க இடமில்லை.

ஒரே நூலில் இரண்டு செய்தி

இதற்கு இணையாக ஓடிய இன்னொரு கதையும் உண்டு. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூசும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் மூளையே செய்துகொள்ளும் அபின் போன்ற பொருளாகிய என்கெஃபலினைக் கண்டனர். ஐந்து மணிச் சரம். மறு ஆண்டு, ஏ.சி.டி.எச். ஹார்மோனைப் பிரித்தெடுத்தோருள் ஒருவரான சோ ஹாவ் லீ, ஒட்டகங்களின் பிட்யூட்டரியிலிருந்து பீட்டா எண்டார்ஃபினைக் கண்டார். அதுவும் வலியைத் தணிப்பது.

1977இல் கிய்மேன் குழு காட்டியது இது: நெருக்கடியில் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். ஹார்மோனையும் பீட்டா எண்டார்ஃபினையும் ஒருங்கே வெளிவிடுகிறது. அதன் காரணத்தை 1979இல் ஜப்பானின் ஷிகெடாடா நகனிஷி, ஷோசாகு நூமா குழுவினர் மரபணு வழியே விளக்கினர். இரண்டும் ஒரே நெடிய தாய்ச்சரத்தின் துண்டுகள். அணு அதை வேண்டியவாறு நறுக்கி, ஒரு துண்டைப் போர் முரசாகவும் மறு துண்டை வலிமருந்தாகவும் அனுப்புகிறது. சொற்றொடர் ஒன்றைப் பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறும் என்பது நம் செய்யுள் மரபில் பழகிய செய்தி. அதையே உடல் வேதிப்பொருளில் செய்து வந்திருக்கிறது.

குரங்குகள் சொன்ன திருத்தம்

இவ்வளவும் அறிந்தபின் ‘ஸ்ட்ரெஸ் என்பது வெறும் வேதியியல்’ என்று முடிவுகட்டத் தோன்றும். அதுவும் பிழை. அமெரிக்காவின் ஜான் மேசன் 1960களில் செய்த சோதனைகள் அதைத் தடுக்கின்றன. உணவின்மை உடலுக்கு நெருக்கடி; ஆகவே செல்யேயின் கொள்கைப்படி கார்ட்டிசால் உயர வேண்டும். அண்டைக் கூண்டுகளில் மற்றவை உண்பதைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடந்த குரங்குகளில் அது உயரவே செய்தது. தனியிடத்தில் வைத்து, சத்தில்லாத, சுவை மட்டும் ஊட்டிய உருண்டைகளைத் தந்தபோது, குரங்குகள் அதே பட்டினியில் இருந்தும் உயரவில்லை. உடலின் பட்டினியைக் காட்டிலும், ‘எனக்கு மறுக்கப்படுகிறது’ என்ற அறிதலே ஹார்மோனை எழுப்பியது.

எல்லா நெருக்கடிக்கும் உடல் ஒரே மறுமொழி தரும் என்ற செல்யேயின் கருத்து இதனால் ஆட்டம் கண்டது. நேர்வதைவிட நேர்வதன் பொருள் என்ன என்பதே பெரிது. புதுமை, நிச்சயமின்மை, தன் கையில் ஏதுமில்லை என்ற உணர்வு ஆகியவையே அச்சரங்களை வலுவாக இழுக்கின்றன.

நியூயார்க்கின் புரூஸ் மெக்யூவன் வேறொரு பக்கத்தைத் திறந்தார். கார்ட்டிசாலை ஒத்த ஹார்மோன் எலி மூளையில் நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில் சென்று ஒட்டுவதை அவர் குழு 1968இல் காட்டியது. கீழே சென்ற கட்டளையின் விளைவு மேலே திரும்பி வந்து, ‘போதும், நிறுத்து’ என்று மூளைக்குச் சொல்கிறது. இதுவே கடிவாளம். நெருக்கடி தீர்ந்தால் கடிவாளம் இறுகி எல்லாம் தணியும். தீராத நெருக்கடியில், அதாவது வறுமையில், வன்முறை மிகுந்த வீட்டில், நீங்காத அவமதிப்பில், சரங்கள் மீளமீள இழுக்கப்படுகின்றன. அதனால் உடல் செலுத்தும் விலையைக் குறிக்க 1990களில் மெக்யூவன் ஒரு கலைச்சொல்லையே ஆக்கினார். நாம் அதைத் ‘தகவமைப்பின் சுமை’ எனலாம்.

மருந்தும் எதிர்பாராத பயனும்

41 மணிச் சரம் கிடைத்ததும், அதன் வாயிலை அடைத்தால் மனச்சோர்வும் பதற்றமும் தீரும் என்ற நம்பிக்கை பெருகியது. வேல், லாரன்ஸ் ஸ்டைன்மனுடன் சேர்ந்து 1992இல் நியூரோகிரைன் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். பல நிறுவனங்கள் பல ஆண்டுகள் முயன்றன. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சோதிக்கப்பட்ட அம்மருந்துகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. துயரத்தை ஒரு வாயிலில் பூட்டுப்போட்டு நிறுத்த முடியவில்லை.

பயன் வேறு திசையில் வந்தது. பிறவியிலேயே அட்ரீனல் புறணியால் கார்ட்டிசாலைச் செய்ய இயலாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு ‘போதும்’ என்ற திரும்புசெய்தி மூளைக்கு எட்டுவதில்லை. மூளை சி.ஆர்.எஃப். ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. புறணியோ கார்ட்டிசாலுக்குப் பதில் ஆண்மை ஹார்மோன்களைக் கொட்டுகிறது. அதை அடக்க வாழ்நாள் முழுதும் மிகுந்த அளவில் ஸ்டீராய்டு உண்ண வேண்டும். அதன் தீங்குகளையும் சுமக்க வேண்டும். பிட்யூட்டரியில் சி.ஆர்.எஃப். ஹார்மோனின் வாயிலை அடைக்கும் கிரினிசெர்ஃபாண்ட் என்ற மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. நான்கு வயது முதலான நோயாளிகள் ஸ்டீராய்டுடன் சேர்த்து உண்ணத்தக்கது. ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவுவது. அதை உருவாக்கியது வேல் தொடங்கிய அந்த நிறுவனமே. அவர் 2012இல் மறைந்துவிட்டார். நூறாண்டு வாழ்ந்த கிய்மேன் 2024 பிப்ரவரியிலும், ஷாலி அதே ஆண்டு அக்டோபரிலும் காலமாயினர். மூவருமே அந்நாளைக் காணவில்லை.

வரலாறு நமக்குச் சொல்வது

தூதுப்பொருள் இருக்கிறது என்று அதை எவரும் காணாத காலத்தில் நம்பியவர்கள் வெறும் பிடிவாதக்காரர்களாகவே தோன்றியிருப்பர். ஹாரிஸின் குழாய்களும் பெர்ட்டா ஷாரரின் கரப்பான்களும் இன்றேல் ஐம்பது இலட்சம் ஆட்டு மூளையை எவரும் அரைத்திருக்க மாட்டார்கள். பரிசுப் பட்டியல் இவர்களைச் சொல்வதில்லை. வரலாறு எழுதுவோராவது சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் இருப்போர்க்கு இதில் வேறொன்றும் உண்டு. விடைத்தாளைப் பார்த்ததும் கை நடுங்கும் மாணவன் நடிக்கவில்லை, கோழையும் அல்லன். அவன் குருதியில் ஒரு தூது உண்மையாகவே இறங்கியிருக்கிறது. அவனைத் ‘திடமாக இரு’ என்று அதட்டுவது, மேசனின் குரங்குகள் காட்டியபடி, அத்தூதை இன்னொரு முறை அனுப்புவதாகவே முடியும். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வது, ஒரு சிறு தெரிவையேனும் அவன் கையில் விடுவது, அவமதிக்காமல் இருப்பது போன்ற எளியவையே கடிவாளம் இறுக உதவுகின்றன. இவற்றுக்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆயினும் நாட்பட்டுத் தொடரும் துன்பத்துக்கு மருத்துவரை நாடுவதே முறை. காய்ச்சலுக்கு நாடுவதில் நாணமில்லை, இதற்கும் வேண்டாம்.

‘மன அழுத்தம்’ என்ற சொல்லை இனி மாற்றிவிட முடியாது. வழக்கில் வேரூன்றிவிட்டது. அச்சொல்லைக் கேட்கும்போது அதன் பின்னே மறைந்து நிற்கும் உடலையும் சேர்த்துக் கேட்கப் பழகுவோமாயின் அதுவே போதும்.